குடில் கட்டுற வீட்டில் ஆளுக்கொரு வேலை

பிள்ளைகள் வளர்ந்துவிட்டால் கிறிஸ்துமஸ் சப்பென்று ஆகிவிடுகிறது என்பார்கள். எங்கள் வீட்டிலும் ஒரு வருஷம் அப்படித்தான் ஆனது. இயேசு பிறந்த மாட்டுத் தொழுவத்தைக் காட்டுகிற கிறிஸ்துமஸ் குடிலை ரெடிமேடாக வாங்கி டிசம்பர் 23 ராத்திரி பிளக்கைச் சொருகினோம், ஒருத்தரும் பக்கத்தில் வரவில்லை. யார் கையும் படாத குடிலை யார் வந்து பார்ப்பார்கள்? மறு வருஷமே பழையபடி நாங்களே கட்ட ஆரம்பித்துவிட்டோம்.

டிசம்பர் 14, 15 வாக்கில் தொடங்குங்கள். ஒரு பிடி கேழ்வரகை ராத்திரி ஊறவைத்து, காலையில் அகலமான தட்டில் ஈரமணல் பரப்பித் தூவி, மேலே லேசாக மண் போட்டு, தினமும் தண்ணீர் தெளித்துவந்தால் (ஊற்றினால் விதையெல்லாம் ஒரு மூலைக்கு ஓடிவிடும்) 24ஆம் தேதிக்குள் குடிலுக்கு முன்னால் வைக்கப் பச்சை வயல் தயார். இது வீட்டின் கடைக்குட்டியுடைய வேலை. முளை தெரிகிற அன்று பல்கூடத் தேய்க்காமல் வந்து எல்லோரையும் எழுப்பிவிடும்.

குடிலைச் சுற்றி வைக்கிற மலைக்கு சிமெண்ட் பைத் தாளைக் கசக்கி சாம்பல் நிறம் பூசினால் போதும். விளக்கு வேலையைப் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புக்காரர்களிடம் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். "இப்படி வை, அப்படி வை" என்றால் போனைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். வைக்கோல் பக்கத்தில் பழைய குண்டு பல்பு மட்டும் வேண்டாம், சூடாகும்; எல்.ஈ.டி. சீரியல் செட் போடுங்கள்.

சொரூபங்கள் (குடிலில் வைக்கிற சின்னச் சிலைகள்) பழசாக இருக்கிறதே என்று கவலைப்படாதீர்கள். 1223இல் இத்தாலியின் கிரெச்சியோவில் புனிதர் அசிசி பிரான்சிஸ் குடில் அமைத்தபோது அவர் கேட்டது வைக்கோலும், உயிருள்ள மாடும் கழுதையும்தான். எங்கள் குடிலில் ஆட்டுச் சொரூபம் ஒன்றுக்கு மூன்று கால். பாறையில் சாய்த்து வைப்போம், அதை வைக்க மட்டும் வருஷாவருஷம் சண்டை நடக்கும்.

பாட்டி இருக்கிற வீடு என்றால் முந்திரிக்கொத்துப் பலகாரம் அவர் பொறுப்பு. வறுத்த பாசிப்பயறு மாவும் தேங்காயும் வெல்லப்பாகில் சேர்ந்து சூடாக இருக்கும்போதே உருட்டியாக வேண்டும், ஆறினால் உதிர்ந்துவிடும். அதனால் நாலு கை கட்டாயம் வேண்டும். எண்ணெய்ச் சட்டிப் பக்கம் பெரியவர்கள், உருட்ட மற்றவர்கள். அங்கேதான் பழைய கதையெல்லாம் தானாக வெளியே வரும், நீங்கள் கேட்கக்கூட வேண்டாம்.

குழந்தை இயேசுவை முதல் நாளே வைத்துவிடாதீர்கள்! 24 நள்ளிரவு வரைக்கும் தீவனத் தொட்டி காலியாகவே இருக்கட்டும். குழந்தையைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்களின் சொரூபங்களையும் டி.வி. மேஜையில் நிறுத்தி, வீட்டில் தினம் ஒருவர் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, மூன்று ராஜாக்கள் திருநாளான ஜனவரி 6 அன்று குடிலுக்குக் கொண்டுவாருங்கள். நடுவில் எங்கள் ராஜாக்கள் ஒருநாள் ஃபிரிட்ஜ் மேல் தங்கியிருந்தார்கள். யார் வேலை என்று இன்றுவரை தெரியாது, எனக்கு மாமியார் மேல்தான் சந்தேகம்.

அப்புறம் கிறிஸ்துமஸ் தாத்தா விஷயம். "அது அப்பாதானே?" என்று பிள்ளை கேட்டால் மழுப்ப வேண்டாம். பக்கத்தில் உட்காரவைத்து, "ஆமாம், இந்த வருஷத்திலிருந்து நீயும்தான்" என்று சொல்லி, தம்பிக்கான பரிசை ஒளித்துவைக்கிற வேலையை ஒப்படையுங்கள். ரகசியத்தைக் காப்பாற்றுவது அவர்களுக்குப் பரிசை வாங்குவதைவிடப் பிடித்துப்போகும்.

ஜனவரி 6 முடிந்ததும் சொரூபங்களைச் செய்தித்தாளில் சுற்றி ஒரே பெட்டியில் வையுங்கள், மூன்றுகால் ஆட்டுக்குத் தனித்தாள். கேழ்வரகுப் பயிரைத் தெருவில் வருகிற மாட்டுக்குப் போட்டுவிடலாம்.