டிபிஏ எடுக்கிறீங்களா? போன்லயே ஒரு கேள்வி

காரைக்குடியில உட்கார்ந்து டிபிஏ, அதாவது டேட்டாபேஸைப் பாத்துக்குற ஆளைத் தேடுறவங்க, இன்டர்வியூவுக்கு முன்னாடி போன்ல இதைக் கேளுங்க: “ஞாயிறு ராத்திரி ஃபுல் பேக்கப், 15 நிமிஷத்துக்கு ஒரு லாக் பேக்கப். செவ்வாய் காலை 11:10-க்கு டேட்டா டிஸ்க் போச்சு. முதல்ல என்ன செய்வீங்க?”

ஆள் பிடிச்சுத் தர்ற கன்சல்டன்சிக்காரர் ரெஸ்யூமேல ‘பேக்கப்’ங்கிற வார்த்தையைப் பார்த்தே ஆளை அனுப்பிடுவார். பெட்டகம் வீட்ல இருக்குறதும் அதைத் திறந்து பழகினதும் ஒண்ணா? எஸ்க்யூஎல் சர்வர்ங்கிற மைக்ரோசாஃப்ட் டேட்டாபேஸ்ல நிஜமா அடிபட்டவர், ரீஸ்டோருக்கு (பேக்கப்ல இருந்து டேட்டாவை மீட்கிறதுக்கு) முன்னாடி டெயில் லாக்கை, அதாவது மாற்றங்களைப் பதியிற லாக்ல இன்னும் பேக்கப் ஆகாத கடைசிப் பகுதியை, பேக்கப் எடுக்கணும்பார்; “லாக் டிஸ்க் தப்பிச்சுதா?”ன்னு திருப்பிக் கேட்டா இன்னும் நல்லது. மனப்பாடக் கேஸ் நேரா ரீஸ்டோருக்குத் தாவும்.

கேள்வியைக் கன்சல்டன்சிக்காரர்கிட்ட குடுத்துடாதீங்க, அடுத்த ஆள் பதிலோடயே வருவார். ஃப்ரெஷருக்கு இது வேண்டாம். ஆரக்கிள், போஸ்ட்கிரஸ்னு வேற டேட்டாபேஸ் ஆளுங்ககிட்ட இதே பதிலை எதிர்பார்க்காதீங்க.