முப்பது நாள் நோட்டீஸ் மட்டும் போதாது: கலிபோர்னியா முதியோர் இல்லங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கலிபோர்னியாவில் உரிமம் பெற்ற முதியோர் பராமரிப்பு இல்லம், ஒருவரைச் சேர்த்துக்கொண்ட பிறகு வெறுமனே 30 நாள் நோட்டீஸ் கொடுத்து, நினைத்தபோது காலி செய்யச் சொல்ல முடியாது. மாநில விதித் தொகுப்பின் 22ஆம் தலைப்பில் உள்ள 87224ஆம் பிரிவு ஐந்து காரணங்களை மட்டுமே ஏற்கிறது. அடிப்படைச் சேவைக் கட்டணம் கெடு தேதியிலிருந்து 10 நாளுக்குள் கட்டப்படாதது; எழுத்தில் எச்சரித்த பிறகும் சட்டத்தை மீறுவது; இல்லத்தின் பொது விதிகளை மீறுவது; சேர்ந்த பிறகு தெரியவந்த புதிய தேவைக்கு இல்லம் பொருந்தாதது; கட்டடத்தின் பயன்பாடு மாறுவது. பெரிய நிறுவனமானாலும் ஆறு கட்டில் போட்ட வீடானாலும் இதே விதிதான்.

முதலில் ஒரு குழப்பம். ஊரில் நாம் நர்சிங் ஹோம் என்றால் சின்ன ஆஸ்பத்திரி. அமெரிக்காவில் அது செவிலியர் கவனிப்பு தரும் வேறு வகை நிறுவனம். அதற்கு மத்திய அரசின் விதிகள் உண்டு. முதியோர் பராமரிப்பு இல்லங்களை ஆள்வது மாநில விதி. நர்சிங் ஹோமின் நோட்டீஸ் மாதிரியை முதியோர் இல்லத்துக்கு நகலெடுத்தால், இந்த மாநிலம் கேட்கும் வாசகங்கள் அதில் இருக்காது.

பணம் கட்டவில்லை என்ற காரணத்தில் இரண்டு இடங்களில் சறுக்குகிறார்கள். ஒன்று, அவசரம். கட்டணம் 1ஆம் தேதிக்குரியது என்றால் 11ஆம் தேதி வரை அவகாசம் உண்டு. 5ஆம் தேதி கொடுத்த நோட்டீஸ் செல்லாது. இன்னொன்று, பாக்கி எதற்கு என்று பிரித்துப் பார்க்காதது. முடி திருத்தியது, விருந்தாளிச் சாப்பாடு போன்ற கூடுதல் செலவுக்கான பணம் கட்டப்படாமல் இருந்தால் அது அடிப்படைச் சேவைக் கட்டண பாக்கி ஆகாது. கட்டண உயர்வை முறைப்படி முன்கூட்டி எழுத்தில் சொல்லாமல் ஏற்றிவிட்டு, அந்த வித்தியாசத்தைப் பாக்கியாகக் காட்டுவதும் நிற்காது.

விதி மீறல் என்று சொல்வதற்கு முன் சேர்க்கை ஒப்பந்தத்தைத் திறந்து பாருங்கள். அந்த விதி எழுத்தில் இருக்க வேண்டும், ஒப்பந்தத்தின் பகுதியாக இருக்க வேண்டும், எல்லோரும் சேர்ந்து வாழ உதவுவதாகவும் இருக்க வேண்டும். சுவரில் ஒட்டிய அறிவிப்பு போதாது. மகள் அடிக்கடி புகார் சொல்கிறாள் என்பது காரணமே இல்லை. புகார் கொடுத்ததற்காகப் பழிவாங்குவதைச் சட்டம் தனியாகத் தடுக்கிறது.

அதிகம் நடக்கும் தவறு உடல்நிலை விஷயத்தில்தான். “அம்மாவுக்கு மறதி கூடிவிட்டது, எங்களால் முடியாது” என்று வாய்மொழியாகச் சொல்லிவிட்டு நாள் குறிக்கிறார்கள். விதி கேட்பது இந்த வரிசையை: தேவை முன்பு கண்டறியப்படாததாக இருக்க வேண்டும், 87463ஆம் பிரிவின்படி மறுமதிப்பீடு நடந்து பதிவாக வேண்டும், மதிப்பிட்டவரும் உரிமதாரரும் இருவருமே இல்லம் பொருந்தாது என்று கருத வேண்டும். நோட்டீஸ் அதற்குப் பிறகுதான். சேர்க்கும்போதே தெரிந்திருந்த குறைபாட்டைப் புதிய தேவை என்று சொல்ல முடியாது. கூடுதல் பராமரிப்பு கொடுத்தால் சமாளிக்கலாமா, இல்லத்துக்கு உரிமம் தரும் மாநிலத் துறையிடம் விதிவிலக்கு கேட்கலாமா என்பதையும் அந்த மறுமதிப்பீட்டிலேயே எழுதுவது நல்லது. மூன்றாம், நான்காம் நிலைப் படுக்கைப் புண் போன்றவை இல்லத்தில் வைத்துக்கொள்ளத் தடை உள்ள நிலைகள். ஆனால் அப்போதும் நடைமுறையைத் தாண்ட முடியாது.

இதன் இன்னொரு முகம் ஆஸ்பத்திரி. இல்லவாசி ஆம்புலன்ஸில் போன பிறகு, டிஸ்சார்ஜ் நாளில் “திரும்ப அனுப்பாதீர்கள்” என்று போன் செய்வது. ஒப்பந்தம் முறையாக முடியாத வரை அது அவருடைய வீடு. நோட்டீஸ் இல்லாமல் கதவை மூடுவது சட்டவிரோத வெளியேற்றம். உடல்நிலை மாறியிருந்தால் ஆள் அனுப்பி ஆஸ்பத்திரியிலேயே மறுமதிப்பீடு செய்யுங்கள்.

இனி நோட்டீஸ். “நடத்தை சரியில்லை” என்ற ஒற்றை வரி நோட்டீஸ்களை அடிக்கடி பார்க்கலாம். தேதி, இடம், சாட்சிகள், சூழ்நிலை ஆகியவை தெரியும்படி விவரம் வேண்டும். “மார்ச் 4, இரவு உணவு நேரம், சாப்பாட்டுக் கூடம், பக்கத்து மேசைக்காரர் மீது தட்டை எறிந்தார், பணியில் இருந்த இருவர் பார்த்தார்கள்” என்ற அளவுக்கு எழுதுங்கள். அதோடு வெளியேற்றம் நடைமுறைக்கு வரும் தேதி, மாற்று இடம் தேட உதவும் அமைப்புகள், உரிமத் துறையிடம் புகார் செய்யும் உரிமை, அருகிலுள்ள உரிம அலுவலகம் மற்றும் ஆம்பட்ஸ்மனின் (இல்லவாசிகளின் புகார்களைக் கவனிப்பவர்) முகவரியும் தொலைபேசி எண்ணும் இருக்க வேண்டும். தேதிக்குப் பிறகும் தங்குபவரை வெளியேற்ற வழக்குப் போட்டு நீதிபதி கையெழுத்திட்ட தீர்ப்பு பெற வேண்டும், அவர் எதிர்க்கலாம் என்று சொல்லும் வாசகத்தைச் சட்டத்தில் உள்ளபடியே, ஒரு சொல் மாற்றாமல் சேருங்கள். இல்லவாசிக்குக் கொடுப்பதோடு, அவர் சார்பில் பொறுப்பேற்றவருக்கும் ஒரு பிரதி போக வேண்டும். எந்த வெளியேற்றமானாலும் 5 நாளுக்குள் உரிமத் துறைக்கு எழுத்தில் அறிக்கை தர வேண்டும். இதை மறப்பவர்கள் நிறைய.

மூன்று நாள் நோட்டீஸ் உண்டுதான். தனக்கோ பிறருக்கோ ஆபத்தாக நடந்தால் அது பொருந்தும். ஆனால் துறையின் எழுத்து ஒப்புதல் முதலில் கையில் இருக்க வேண்டும். கொடுத்துவிட்டுப் பிறகு கேட்பது செல்லாது. சம்பவங்களை 7 நாளுக்குள் துறைக்கு எழுதாமல் விட்ட இல்லம், ஒப்புதல் கேட்கும்போது ஆபத்தைக் காட்ட ஆதாரமில்லாமல் நிற்கும்.

பயன்பாடு மாறினாலோ மூடினாலோ 30 நாள் அல்ல, 60 நாள். ஒவ்வொருவருக்கும் எங்கே போனால் பொருந்தும் என்ற இடமாற்ற மதிப்பீடும் எழுத வேண்டும். ஏழு பேர் அல்லது அதற்கு மேல் போவதானால் மூடும் திட்டத்தைத் துறையிடம் கொடுக்க வேண்டும். ஆறு பேர் வீட்டுக்குத் திட்டம் தேவைப்படாது என்பதால் மதிப்பீட்டையும் விட்டுவிடுகிறார்கள். அதற்கு விலக்கு கிடையாது.

கெடு முடிந்த அன்று பெட்டியை வாசலில் வைப்பது, பூட்டை மாற்றுவது இரண்டும் கூடாது. சுப்பீரியர் கோர்ட் என்ற மாநில நீதிமன்றத்தில்தான் வழக்கு. 2025 ஜனவரி 1 முதல், சம்மன் கிடைத்தவருக்குப் பதில் தர 5 நாளுக்குப் பதில் 10 நாள் உண்டு. சனி, ஞாயிறும் நீதிமன்ற விடுமுறைகளும் அதில் சேராது. பழைய கணக்கில் அடுத்தவருக்கு அந்த அறையைத் தருவதாக முன்பணம் வாங்கிவிடாதீர்கள்.