வட்டமேசைக் கதைகள் திரைக்கு வரும்போது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கவெய்ன் என்ற நைட்டைப் பற்றிய இடைக்காலப் பாடலை வைத்து டேவிட் லோரி எடுத்த ‘தி கிரீன் நைட்’ படம் 2021இல் வந்தபோது இரண்டு புகார்கள்தான் திரும்பத் திரும்ப எழுந்தன. சண்டையே இல்லை என்றது ஒரு தரப்பு. கதையை மாற்றிவிட்டார்கள் என்றது இன்னொரு தரப்பு. முதல் புகார் டிரெய்லரை நம்பிப் போனவர்களுடையது, அதை விட்டுவிடலாம். இரண்டாவது புகார் பாதி சரி. ஆனால் விரலை வைக்கும் இடம் தவறு. பிரிட்டனின் அரசன் ஆர்தர், அவன் வட்டமேசையில் அமரும் லான்ஸ்லாட், பெர்சிவல், டிரிஸ்டன் என்று ஐரோப்பாவின் இடைக்கால நைட் (கவசமணிந்த குதிரைவீரர்) கதைகளை வைத்து எடுக்கப்பட்ட படங்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இதே சறுக்கல் வருகிறது.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதைகளை நகர்த்துவது போர் இல்லை; யாரோ கொடுத்த ஒரு வாக்கு, ஒரு தடை, கேட்பதற்கே அபத்தமான ஒரு நிபந்தனை. படம் அந்த நிபந்தனையை என்ன செய்தது என்று பார்த்தால் போதும், பாதி விமர்சனம் எழுதிய மாதிரி.

‘மூலத்தில் இப்படி இல்லையே!’

எந்த மூலத்தில்? மான்மத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி 1136 வாக்கில் லத்தீனில் எழுதிய பிரிட்டன் அரசர்களின் வரலாற்றில் ஆர்தர் இருக்கிறான், வட்டமேசை இல்லை. மேசையை 1155இல் வாஸ் என்ற கவிஞர்தான் கொண்டுவந்து போட்டார். லான்ஸ்லாட்டுக்கும் ராணி கினிவியருக்கும் காதல் என்பது அதற்கும் பிறகு, 1180ஐ ஒட்டி, பிரெஞ்சுக் கவிஞர் கிரெத்தியன் த த்ருவாவின் கதையில்தான் முதன்முதலாக வருகிறது. அதே கிரெத்தியன் முடிக்காமல் விட்டுப்போன பெர்சிவல் கதையில் ‘கிரெய்ல்’ என்பது ஒரு பரிமாறும் தட்டு; முதிய அரசன் ஒருவனுக்கு அதில் ஒரே ஒரு நற்கருணை அப்பம் போகிறது. ஏசுவின் கடைசி இராவுணவோடு அந்தப் பாத்திரத்தை முடிச்சுப் போட்டவர் அவருக்குப் பின்வந்த ராபர் த போரோன். ஜெர்மன் கவிஞர் வோல்ஃப்ராம் கைக்குப் போனதும் அது ஒரு கல்லாகிவிட்டது.

இவ்வளவுக்கும் பிறகுதான் ஆங்கில எழுத்தாளர் தாமஸ் மாலரி வருகிறார். அவர் சிறையிலிருந்தபடி 1470 வாக்கில் எழுதி முடித்த ஆர்தர் கதையை 1485இல் கேக்ஸ்டன் என்ற அச்சகர் அச்சிட்டார். ‘ஒரிஜினல்’ என்று பலர் நினைக்கும் அந்தப் புத்தகமே பிரெஞ்சுக் கதைகளை வெட்டி ஒட்டிய தொகுப்பு.

ஆகவே ஜான் பூர்மனின் ‘எக்ஸ்காலிபர்’ (1981) மாலரியைச் சிதைத்துவிட்டது என்று அடித்துச் சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் நிதானம் வேண்டும். மாலரியில் ஆர்தர் கல்லிலிருந்து உருவிய வாள் ஒரு சண்டையில் உடைந்துபோகிறது. எக்ஸ்காலிபர் ஏரித் தேவதையிடமிருந்து கிடைக்கும் இரண்டாவது வாள். பூர்மன் இரண்டையும் ஒன்றாக்கினார். ஆர்தரின் மகன் மோர்ட்ரெடின் தாயான மோர்காஸையும் மந்திரக்காரி மோர்கன் லே ஃபேயையும் ஒரே பெண்ணாக்கினார். கலஹாட் என்ற நைட் பெற வேண்டிய கிரெய்லைப் பெர்சிவலிடம் கொடுத்தார். மாலரி தமக்கு முந்தியவர்களிடம் செய்ததைப் பூர்மன் மாலரியிடம் செய்தார், அவ்வளவுதான். மாற்றம் இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொண்டால் எதையும் சொன்னதாகாது.

வரலாற்றைத் தேடுவது

‘உண்மையான ஆர்தர்’ என்று விளம்பரம் செய்த ‘கிங் ஆர்தர்’ (2004) இந்த வியாதிக்குச் சரியான உதாரணம். ஐந்தாம் நூற்றாண்டு, ரோமப் பேரரசு பிரிட்டனைவிட்டுக் கிளம்புகிறது, நைட்கள் எல்லாம் கருங்கடல் பக்கத்திலிருந்து வந்த சர்மாஷியக் குதிரைப்படையினர், மந்திரமாயம் கிடையாது. எல்லாம் சரி, அந்தப் படையில் லான்ஸ்லாட் எப்படி வந்தார்? அவர் பன்னிரண்டாம் நூற்றாண்டு பிரெஞ்சுக் கவிதையில் புகழடைந்த பாத்திரம். மாயத்தைக் கழற்றிவிட்டு, கவிஞர்களின் கற்பனை ஆட்களை மட்டும் வரலாறு என்று வைத்துக்கொண்டால் இரண்டும் கெட்டான் நிலைதான் மிஞ்சும். படம் சுமாராகப் போனதற்கு இதுதான் காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அதில் யாருக்கும் எந்த வாக்கும் பாரமாக இல்லை. ஒரு படைப்பிரிவின் கடைசி டியூட்டியைப் பார்க்கிற உணர்வுதான் வருகிறது.

இதற்கு மறுபக்கம், கவசத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குவது. ‘எக்ஸ்காலிபர்’ படத்தில் எல்லோரும் தலைமுதல் கால்வரை பளபளக்கும் தகட்டுக் கவசத்தில் திரிகிறார்கள். ஆர்தரின் தந்தை ஊதர் அரசன் இக்ரெய்னுடன் படுக்கும்போதுகூட அதைக் கழற்றுவதில்லை. ஆர்தர் காலத்தில் அந்தக் கவசமே கிடையாது என்று சிரிப்பவர்கள் உண்டு. மாலரி காலத்தில் இருந்ததே! இடைக்கால ஓவியர்கள் ஆர்தரின் ஆட்களுக்குத் தங்கள் காலத்துக் கவசத்தைத்தான் மாட்டிவிட்டார்கள். பழங்காலத்தைத் தோண்டி எடுக்கும் கவலை அந்தக் கதைகளுக்கு இல்லை. கவச விஷயத்தில் பூர்மன் மூலத்தின் பக்கம்தான் நிற்கிறார்.

நிபந்தனையைக் கழற்றிவிடுவது

பெரிய தவறு இதுதான். படம் எடுப்பவர்கள் செய்கிறார்கள், பார்ப்பவர்கள் கவனிப்பதில்லை.

கிரெத்தியனின் லான்ஸ்லாட் கதையை எடுத்துக்கொள்வோம். மெலியகான் ராணியைக் கடத்திப் போகிறான். தேடி விரையும் லான்ஸ்லாட்டின் குதிரை செத்து விழுகிறது. கவசத்தோடு நடந்து போகிறவன் ஒரு வண்டியைப் பார்க்கிறான். ஓட்டுபவன் ஒரு குள்ளன். கொலைகாரர்களையும் திருடர்களையும் ஏற்றித் தெருத்தெருவாகக் காட்டுகிற வண்டி அது. ஒருமுறை ஏறினால் மானம் போயிற்று. ஏறினால் நாளைக்குள் ராணியைப் பற்றித் தெரியும் என்கிறான் குள்ளன். லான்ஸ்லாட் இரண்டடி தூரம் தயங்குகிறான். பிறகு ஏறிவிடுகிறான். அதன்பின் ஊரெல்லாம் கேலி. வாள் முனைபோல் கூரான பாலத்தை வெறுங்கையாலும் வெறுங்காலாலும் ரத்தம் சொட்டச் சொட்டக் கடக்கிறான். மெலியகானோடு மோதுகிறான். கடைசியில் ராணி முன்னால் நிற்கிறான். அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஏன் என்பது பிறகுதான் வெளிவருகிறது: அந்த இரண்டடித் தயக்கம்.

கொஞ்சம் பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் கதை முழுவதும் அந்த இரண்டடியில்தான் இருக்கிறது. 1995இல் ஷான் கானரியும் ரிச்சர்ட் கியரும் நடித்த ‘ஃபர்ஸ்ட் நைட்’ அதே கடத்தலை வைத்துக்கொண்டது, மெலியகானையும் மலகன்ட் என்ற பெயரில் வைத்துக்கொண்டது, வண்டியைத் தூக்கி எறிந்தது. மிச்சம் இருப்பது என்ன? வயதான நல்ல கணவன், வாட்டசாட்டமான இளைஞன், நடுவில் ஒரு பெண். எந்த நூற்றாண்டிலும் வைத்து எடுக்கலாம்.

‘டிரிஸ்டன் அண்ட் இஸோல்ட்’ (2006) செய்ததும் இதேதான். பழைய கதையில் இருவரும் கப்பலில் தவறுதலாகக் காதல் மருந்தைக் குடித்துவிடுகிறார்கள். அது இஸோல்ட்டுக்கும் அவள் மணக்கப்போகும் மார்க் அரசனுக்கும் என்று காய்ச்சியது. பெரூல் என்ற கவிஞர் எழுதிய வடிவத்தில் மருந்தின் வீரியம் மூன்று ஆண்டுதான். அது தீர்ந்ததும் காட்டு வாழ்க்கையின் கஷ்டம் இருவருக்கும் சட்டென்று உறைக்கிறது. இவர்கள் குற்றவாளிகளா, இல்லையா? பாடலைக் கேட்டவர்கள் முடிவுக்கு வரமுடியாமல் தவித்ததே அந்த மருந்தால்தான். படத்தில் மருந்து இல்லை. நம்பும்படி இருக்க வேண்டும் என்று எடுத்திருப்பார்கள். நம்பும்படி ஆகிவிட்டது, கூடவே சாதாரணமாகவும் ஆகிவிட்டது.

நுட்பமாக நடக்கும் மாற்றமும் உண்டு. பெர்சிவல் கிரெய்ல் கோட்டையில் விருந்தில் உட்கார்ந்திருக்கிறான். முனையில் ரத்தம் துளிர்க்கும் ஈட்டியோடு ஒருவன் கடந்து போகிறான், பின்னாலேயே கிரெய்லைத் தாங்கி ஒரு பெண். அதிகம் பேசாதே என்று குரு சொல்லியிருப்பதால் வாயை மூடிக்கொண்டிருக்கிறான். ‘இது யாருக்காகப் போகிறது?’ என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் காயப்பட்ட அரசன் குணமாகியிருப்பான். ‘எக்ஸ்காலிபர்’ இதைத் தலைகீழாக்குகிறது: அங்கே பெர்சிவலிடம் கேள்வி கேட்கப்படுகிறது, அவன் சரியான பதில் சொல்ல வேண்டும். கேட்கத் தவறியவனின் கதை, விடை கண்டுபிடித்தவனின் கதையாகிவிட்டது. எனக்கு மிகப் பிடித்த படம், ஆனாலும் இந்த இடத்தில் அது வினாடி வினா மாதிரி ஆகிவிடுகிறது. மூன்று கேள்விக்கு விடை சொன்னால்தான் பாலத்தைத் தாண்டலாம் என்று ‘மான்டி பைத்தான் அண்ட் தி ஹோலி கிரெய்ல்’ (1975) அதற்கு முன்பே கிண்டலடித்தது இந்த மாதிரி வினாடி வினாவைத்தான். அதை இயக்கிய இருவரில் ஒருவரான டெரி ஜோன்ஸ் இடைக்கால இலக்கியத்தில் ஊறியவர். கிண்டலுக்குக்கூட விதி தெரிந்திருக்க வேண்டும்.

‘நாடகம் மாதிரி இருக்கிறது’ என்று தள்ளிவிடுவது

எரிக் ரோமரின் ‘பெர்சிவல் லெ காலுவா’ (1978) படத்தைப் பத்து நிமிடத்தில் நிறுத்திவிட்டவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஸ்டூடியோவுக்குள் செட் போட்ட காடு, செயற்கை மரங்கள், தங்கநிறப் பொம்மைக் கோட்டை, மூலையில் நின்று கதையைப் பாடும் ஒரு குழு. பாத்திரங்களே தங்களைப் படர்க்கையில் சொல்லிக்கொள்கிறார்கள். பட்ஜெட் இல்லாமல் செய்ததாகத் தோன்றும். ஆனால் கிரெத்தியனின் வரிகள் சபையில் உரக்க வாசிக்க எழுதப்பட்டவை; ரோமர் அந்த வாசிப்பையே படமாக்குகிறார். பெர்சிவல் வாய்மூடி உட்காரும் காட்சியை அவர் அப்படியே விட்டுவைத்திருக்கிறார்.

ராபர்ட் பிரெஸ்ஸோன் 1974இல் எடுத்த லான்ஸ்லாட் படத்தில் குதிரைப் போட்டி வருகிறது. குதிரைக் கால்கள், ஏறும் கொடி, ஈட்டி மோதும் சத்தம் என்றே காட்டிக்கொண்டு போகிறார். மோதுகிறவர்களின் முகத்தை எதிர்பார்த்தால் ஏமாற்றம். படம் முழுவதும் கவசம் தகரம்போல் கடகடக்கும். எழுந்தாலும் சத்தம், முத்தமிடப் போனாலும் சத்தம். இதற்கு ‘ஸ்லோ’ என்று ஒரு வார்த்தையில் மதிப்பெண் போடுவது அநியாயம்.

எல்லாவற்றையும் ஒரே கூடையில் போடுவதும் நடக்கிறது. ‘எல் சித்’ நிஜத்தில் 1099இல் இறந்த ஒரு வீரரைப் பற்றியது. ‘ஐவன்ஹோ’ 19ஆம் நூற்றாண்டு நாவல். ‘எ நைட்ஸ் டேல்’ இடைக்கால ஆங்கிலக் கவிஞர் சாசரிடமிருந்து எடுத்தது தலைப்பையும், ஒரு பாத்திரமாக அவரையும்தான். இவற்றை நைட் கதைகளின் தழுவல் என்று பட்டியல் போடாதீர்கள்.

மறுபடி பச்சை வீரன்

கவெய்ன் பாடல் 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெயர் தெரியாத ஒருவர் எழுதியது. இன்று இருப்பது ஒரே ஒரு கையெழுத்துப் பிரதி. கிறிஸ்துமஸ், புத்தாண்டுக் கொண்டாட்டத்தில் ஆர்தர் சபைக்குள் பச்சை மேனி, பச்சைத் தாடி, பச்சைக் குதிரையோடு ஒருவன் நுழைகிறான். என்னை ஒரு வெட்டு வெட்டு, ஓராண்டு கழித்து நான் உன்னை வெட்டுகிறேன் என்கிறான். கவெய்ன் வெட்டுகிறான். உருண்டு வரும் தலையை விருந்தாளிகள் காலால் எத்துகிறார்கள். தலையில்லாதவன் அதை முடியைப் பிடித்துத் தூக்க, தலை கண்ணைத் திறந்து பேசுகிறது.

‘கவெய்னைக் குடிகாரப் பையனாக்கிவிட்டார்கள்’ என்பது டேவிட் லோரியின் படத்தின் மேல் உள்ள பெரிய புகார். பாடலில் அவன் ஏற்கெனவே பெயர்பெற்ற நைட். படத்தில் தேவ் படேல் நடித்த கவெய்ன் இன்னும் நைட்டே ஆகவில்லை. 1984இல் ஷான் கானரி பச்சை வீரனாக வந்த ‘ஸ்வார்ட் ஆஃப் தி வேலியன்ட்’ படத்திலும் அவன் நைட் ஆகாத பையன்தான். உண்மையான மாற்றம் வேறு இடத்தில் இருக்கிறது.

பாடலில் கவெய்ன் தங்கும் மாளிகையில் இன்னொரு ஒப்பந்தமும் உண்டு. மாளிகைத் தலைவன் வேட்டையில் பிடிப்பதைக் கவெய்னுக்குக் கொடுப்பான். கவெய்ன் மாளிகையில் பெறுவதை அவனுக்குக் கொடுக்க வேண்டும். முதல் நாள் மான், இரண்டாம் நாள் காட்டுப்பன்றி, மூன்றாம் நாள் நரி. உள்ளே தலைவனின் மனைவி மூன்று நாளும் கவெய்னைச் சோதிக்கிறாள். அவன் வாங்கிய முத்தங்களை நாணயமாகத் தலைவனுக்கே திருப்பிக் கொடுக்கிறான். மூன்றாம் நாள் உயிர் காக்கும் என்று அவள் தந்த பச்சை இடைப்பட்டையை மட்டும் ஒளித்துவைக்கிறான். பிறகு பச்சை வீரன் மூன்று முறை கோடரி ஓங்குகிறான். இரண்டு முறை நிறுத்திவிடுகிறான், மூன்றாம் முறை கழுத்தில் ஒரு கீறல். மாளிகைத் தலைவனும் அவனும் ஒரே ஆள்தான். மூன்று ஓங்கலும் மூன்று நாள் கணக்கு. இந்தக் கணக்கு புரியாமல் பாடலும் புரியாது.

லோரி இந்தக் கணக்கைச் சுருக்கிவிட்டு, பட்டைக்கு முழுப் பாரத்தையும் கொடுத்தார். அவர் படத்தில் பட்டையை முதலில் கட்டிவிடுவதே தாய்தான். கடைசியில் கவெய்ன் தன் எதிர்காலம் முழுவதையும் ஒரு கணத்தில் பார்க்கிறான்: தப்பி ஓடுகிறான், அரசனாகிறான், எல்லாம் அழிகிறது, பட்டையை இழுத்து எடுத்ததும் தலை விழுகிறது. மறுபடி நிகழ்காலம். பட்டையைத் தானே கழற்றிவிட்டு, தயார் என்கிறான். பாடலின் கவெய்ன் கோடரி விழும்வரை கழற்றவே இல்லை. படம் மாற்றியது இதைத்தான்: பாடலில் அவன் தோற்று உயிர் பிழைக்கிறான், படத்தில் ஜெயிக்கிறான், உயிர் என்னவாயிற்று என்று தெரியாது. இதை விட்டுவிட்டுத் தலை போனதா இல்லையா என்று விவாதம் நடத்துவது வீண் வேலை.

எனக்கு உள்ள ஒரே வருத்தம், பாடலின் கடைசிக் கட்டம் படத்தில் இல்லாதது. கவெய்ன் ஊர் திரும்பி, முகம் சிவக்க, தன் குறையை எல்லோர் முன்னும் சொல்கிறான். அந்தப் பட்டையைச் சாகும்வரை கழற்றமாட்டேன் என்கிறான். சபை சிரிக்கிறது. சிரித்துவிட்டு, ஆளுக்கொரு பச்சைப் பட்டை கட்டிக்கொள்ள முடிவு செய்கிறது. ஆறுதலா, அலட்சியமா என்று பாடல் சொல்வதில்லை. படம் 130 நிமிடம், பாடல் 2,530 வரிகள். சைமன் ஆர்மிடேஜ் 2007இல் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பில் ஒரு சனி, ஞாயிறில் முடித்துவிடலாம். படம் பார்த்த சூட்டோடு படித்தால் இன்னும் நல்லது.