பச்சைப் புல் பருவத்து வெண்ணெய்: பார்த்து வாங்க, கடைய, எடுத்து வைக்க

ஒரே பண்ணை, அதே மாடுகள், அதே லேபிள். ஆனாலும் புல் தளதளவென்று நிற்கும் மாதத்தில் வந்த வெண்ணெயும், மாடுகள் கொட்டகையில் உலர்புல் தின்ற மாதத்து வெண்ணெயும் ஒன்றாக இருப்பதில்லை. 'புல் மேய்ந்த மாட்டு வெண்ணெய்' என்று அட்டையில் போட்டிருந்தால் போதும் என்று நானும் ரொம்ப நாள் நம்பினேன். காய்ந்த புல்லும் புல்தானே, லேபிளில் பொய் இல்லை! அதனால் மாடு என்ன தின்றது என்று கேட்கிற கையோடு, எப்போது தின்றது என்றும் கேட்டுவிடுங்கள். எப்படி என்று படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: முதலில் புல்லைப் பாருங்கள்

வட அரைக்கோளத்தின் குளிர் நாடுகளில் மே, ஜூன். தென் அரைக்கோளத்தில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. மழையை நம்பிய மேய்ச்சல் நிலமென்றால் நல்ல மழைக்குப் பின் வரும் சில வாரங்கள். இதெல்லாம் உத்தேசக் கணக்குதான். நிஜமான அடையாளம், புல் கதிர் விட்டுவிட்டதா என்பது. கதிர் விட்ட புல்லில் தண்டு கூடி இலை குறைந்துவிடும். நமக்கு வேண்டிய சரக்கு இலையில் இருக்கிறது: வெண்ணெய்க்கு மஞ்சள் தரும் பீட்டா கரோட்டினும் அங்கேதான், ஒமேகா-3 வகையைச் சேர்ந்த லினோலெனிக் அமிலமும் அங்கேதான். அறுத்து வெயிலில் காயப்போட்டால் கரோட்டினில் பெரும்பகுதி போய்விடும்.

அந்த லினோலெனிக் அமிலம் அப்படியே பாலுக்கு வந்துவிடாது. மாட்டின் அசைபோடும் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிரிகள் அதை மாற்றுகின்றன. வழியில் வாக்சீனிக் அமிலம் என்ற ஒன்று உருவாகிறது. (லத்தீனில் 'வாக்கா' என்றால் பசு, பெயர் அங்கிருந்து வந்தது.) அது ரத்தத்தின் வழியாக மடிக்குப் போய், அங்கே சிஎல்ஏ (கான்ஜுகேட்டட் லினோலெயிக் அமிலம்) என்கிற கொழுப்பு அமிலமாகிறது. இளம்புல் மேயும் மாட்டின் வெண்ணெயில் இந்த சிஎல்ஏ, அடர்தீவனம் (தானியமும் பிண்ணாக்கும் கலந்தது) தின்னும் மாட்டினுடையதைவிட இரண்டு மூன்று மடங்குகூட இருக்கும்.

படி 2: மாடு வைத்திருப்பவரிடம் மூன்று கேள்வி

இந்தப் பாலைக் கறந்த வாரம் மாடுகள் வெளியே மேய்ந்தனவா? கூடவே அடர்தீவனம் எவ்வளவு போட்டீர்கள்? மேய்ச்சலுக்கு விட்டு எத்தனை நாள் ஆகிறது? மூன்றாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். உலர்புல்லிலிருந்து பச்சைக்கு மாற்றிய மறுநாளே பால் மாறிவிடாது. இரண்டு மூன்று வாரம் மேய்ந்த மாட்டின் பால்தான் நம் கணக்குக்குச் சரி.

படி 3: நிறத்தைப் பாருங்கள், ஏமாறாமல்

கட்டியின் வெளிப்பக்கத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மேலே ஈரம் காய்ந்தால் அந்த இடம் மட்டும் கூடுதல் மஞ்சளாகத் தெரியும். கத்தியால் குறுக்கே வெட்டி, உள்பக்கத்தை வெள்ளைத் தட்டில் வைத்து, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். உலர்புல் பருவத்து வெண்ணெய் பக்கத்தில் இருந்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

மஞ்சளாக இருந்தால் எல்லாம் பச்சைப் புல் என்றும் ஆகிவிடாது. அனாட்டோ போன்ற நிறங்களைச் சேர்ப்பவர்கள் உண்டு. அமெரிக்காவில் வெண்ணெயில் நிறம் சேர்த்ததை லேபிளில் சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயமே கிடையாது. மாட்டின் இனமும் ஒரு காரணம்: கெர்ன்சி, ஜெர்சி மாடுகளின் வெண்ணெய் இயல்பிலேயே மஞ்சள் தூக்கலாக இருக்கும். எருமையும் ஆடும் கரோட்டினை ஏறக்குறைய முழுவதும் வைட்டமின் ஏ ஆக மாற்றிவிடுவதால் அவற்றின் வெண்ணெய் வெள்ளை. அதற்காகச் சத்தில்லாதது என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

வைட்டமின் ஏ கண்டறியப்பட்ட கதையிலேயே வெண்ணெய் இருக்கிறது. 1913இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் எல்மர் மெக்காலமும் மார்கரீட் டேவிஸும் எலிகளுக்கு உணவு கொடுத்துப் பார்த்தார்கள். பன்றிக்கொழுப்பும் ஆலிவ் எண்ணெயும் தின்ற எலிகளின் வளர்ச்சி நின்றுபோனது. வெண்ணெய்க் கொழுப்பிலிருந்து பிரித்ததைக் கொடுத்ததும் மறுபடி வளர்ந்தன.

படி 4: கத்திச் சோதனை

இரண்டு பருவத்து வெண்ணெயையும் ஒரே ஃப்ரிட்ஜில் ஒரு ராத்திரி வைத்து, காலையில் எடுத்தவுடன் கத்தியால் வழித்துப் பாருங்கள். பச்சைப் புல் வெண்ணெய் சுருண்டு வரும். மற்றது சில்லாக உடையும். இளகலான கொழுப்பான ஒலியிக் அமிலம் கூடி, கெட்டிக் கொழுப்பான பால்மிடிக் அமிலம் குறைவதால் வரும் இளக்கம் இது.

படி 5: வீட்டிலேயே கடைய

500 மில்லி க்ரீம் எடுத்துக்கொள்ளுங்கள், காய்ச்சிப் பதப்படுத்தியதாக, 35 சதவீதம் கொழுப்புள்ளதாக. ஏறத்தாழ 200 கிராம் வெண்ணெய் கிடைக்கும்.

இங்கேதான் நான் கோட்டை விட்டேன். உலர்புல் காலத்தில் 14 டிகிரி செல்சியஸில் அழகாகத் திரண்டது என்ற தைரியத்தில், பச்சைப் பருவத்து க்ரீமை அறை வெப்பத்திலேயே அடித்தேன். மணி மணியாகத் திரளாமல், மோரை உள்ளேயே பிடித்துக்கொண்டு களிம்பு மாதிரி ஆகிவிட்டது. வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த கதைதான், தாழி மட்டும் உடையவில்லை. இந்தப் பருவத்தில் கொழுப்பே இளகல். அதனால் 10 முதல் 12 டிகிரிக்குக் குளிர வைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

பீட்டரால் மிதமான வேகத்தில் அடியுங்கள். முதலில் நுரைத்துக் கெட்டியாகும். பிறகு மேல்பரப்பு ரவை மாதிரி சொரசொரப்பாகி லேசாக மஞ்சளிக்கும். இந்த இடத்தில் வேகத்தைக் குறையுங்கள், இல்லாவிட்டால் சட்டை முழுக்க மோர். 'சளக்' என்று சத்தம் மாறினால் வெண்ணெய் தனியே பிரிந்துவிட்டது என்று அர்த்தம். மோரை வடித்துவிட்டு, ஐஸ் தண்ணீர் ஊற்றி அலசுங்கள். தண்ணீர் தெளிவாக வரும்வரை, வழக்கமாக மூன்று நான்கு முறை. மோர் தங்கினால் சீக்கிரம் புளித்துவிடும். மரக்கரண்டியால் அழுத்தி நீரைப் பிழிந்து, விருப்பமிருந்தால் 3 கிராம் உப்பு சேர்த்துப் பிசையுங்கள்.

படி 6: எவ்வளவு சாப்பிடலாம்?

கொஞ்சம்தான். ஒரு மேசைக்கரண்டியில் (14 கிராம்) சுமார் 100 கலோரியும் 7 கிராம் நிறைவுற்ற கொழுப்பும் இருக்கின்றன. எந்தப் பருவமானாலும் இது பெரிதாக மாறாது. ஒமேகா-3க்காக வெண்ணெய் தேடுவதும் வீண் வேலை. நல்ல பருவத்திலும் ஒரு கரண்டியில் கிடைப்பது 0.1 கிராம் அளவுதான். ஒரு கரண்டி ஆளிவிதைப் பொடியில் 1.5 கிராமுக்கு மேல் இருக்கிறது. பச்சைப் பருவத்து வெண்ணெயை நான் எடுத்து வைப்பது கரோட்டினுக்காகவும், ஒளிக்காமல் சொன்னால், அதைவிட ருசிக்காகவும்.

படி 7: எடுத்து வைக்க

வெளிச்சமும் காற்றும்தான் எதிரிகள். 100 கிராம் துண்டுகளாக்கி, வெண்ணெய்த்தாளில் இறுக்கிச் சுற்றி, மேலே அலுமினியத் தாள் சுற்றி, மைனஸ் 18 டிகிரியில் வையுங்கள். ஆறு மாதம் வரை ருசி கெடாது. மேலே தேதியோடு 'இளம்புல்' என்றோ 'கதிர் விட்ட பின்' என்றோ எழுதிவிடுங்கள். வெறும் தேதியை வைத்து நாலு மாதம் கழித்து ஒன்றும் ஞாபகம் வராது. ஒரு சின்னத் துண்டை மட்டும் தொடாமல் விட்டு வையுங்கள். மாடுகள் உலர்புல்லுக்கு மாறியதும் வரும் வெண்ணெயை வெட்டி அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க அது வேண்டும்.