லேசிக் செய்துகொள்பவர்கள் சறுக்கும் இடங்கள்

கண்ணின் முன்பக்கத் தெளிந்த படலமான கருவிழியை லேசரால் செதுக்கி, கண்ணாடி பவரைப் போக்கும் அறுவைதான் லேசிக். இதில் லேசர் ஒரு கண்ணில் படும் நேரம் பெரும்பாலும் ஒரு நிமிடம்கூட இராது. கோளாறுகள் பலவும் அதற்கு முந்தைய, பிந்தைய வாரங்களில்தான் விளைகின்றன.

கான்டாக்ட் லென்ஸைக் கழற்றிய மறுநாளே ஸ்கேனுக்குப் போவது அதிகம் நடக்கும் தவறு. லென்ஸ் கருவிழியின் வளைவை மாற்றி வைத்திருக்கும். மாறிய வளைவை அளந்து லேசரை ஓட்டினால் பவர் பிசகும். மென்மையான லென்ஸை 1–2 வாரமும், கடினமானதை 3–4 வாரமும் முன்பே நிறுத்த வேண்டும். கழற்றிய தேதியை மறைக்காதீர்கள். உண்மையைச் சொன்னால் ஸ்கேன் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

'எனக்கு மைனஸ் 8, எடுக்க முடியுமா?' என்று மட்டும் கேட்பதிலும் பயனில்லை. கருவிழி எவ்வளவு தடிமன் என்பதுதான் கேள்வி. மேலே மூடிபோல் வெட்டும் ஃப்ளாப்புக்குச் சுமார் 110 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்). லேசர் செதுக்குவது ஒரு பவருக்குச் சுமார் 15 வீதம் எட்டுக்கு 120. தடிமன் 540 என்றால் 310 மிஞ்சும். 480 என்றால் 250தான். அது கடைசி எல்லை, பல மருத்துவர்கள் 300 இருந்தால்தான் தொடுவார்கள். மெலிந்துபோன கருவிழி பின்னாளில் கூம்பாகப் பிதுங்கினால் கண்ணாடி போட்டும் பார்வை தெளியாது. வீட்டில் யாருக்காவது கூம்பு விழி உண்டா, கண்ணைக் கசக்கும் பழக்கம் உண்டா, பருவுக்கு ஐசோட்ரெடினோயின் சாப்பிடுகிறீர்களா என்பதையெல்லாம் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள்.

அறுவை அன்றைக்கு மையும் வேண்டாம், சென்ட்டும் வேண்டாம். மைத்துகள் ஃப்ளாப்புக்கு அடியில் சிக்கும். சென்ட்டின் ஆவி லேசரின் சக்தியைக் குலைக்கக்கூடும். உறிஞ்சு வளையம் கண்ணைப் பிடித்ததும் பார்வை சில விநாடிகள் மங்கும், சிலருக்கு முழுதாக இருட்டும். இதை முன்பே அறியாதவர்கள் பதறித் தலையை அசைக்க, பிடி விட்டுப்போகிறது. இமைத்துவிடுவோமோ என்ற கவலை வேண்டாம், இமையை விரித்துப் பிடிக்கும் கிளிப் பார்த்துக்கொள்ளும். பொசுங்கும் வாடை வரும். கண் எரிவதில்லை, திசு ஆவியாகும் வாடை அது.

மரத்த உணர்வு விட்டதும் 4–6 மணி நேரம் மணல் விழுந்தாற்போல் உறுத்தும், நீர் வடியும். கசக்கினால் ஃப்ளாப் நகர்ந்துவிடும். ஒரு வாரம் இரவில் கண் கவசம் போட்டுக்கொண்டே தூங்குங்கள். தலைக்குக் குளிப்பதானால் பின்னால் சாய்ந்து, வேறொருவர் ஊற்றட்டும். வண்டியில் போகும்போது வெறும் கண்ணாடியாவது வேண்டும். உறுத்தல் குறையாமல் கூடினாலோ, தெளிந்த பார்வை மங்கினாலோ அன்றே காட்டுங்கள்.

அறுவைக்குப் பின் தரும் ஸ்டீராய்டு சொட்டு மருந்தைப் பழைய சீட்டைக் காட்டி மறுபடி வாங்கிப் போடுவது ஆபத்து. கண் அழுத்தம் ஏறும். மெலிந்த கருவிழியில் அழுத்தம் அளக்கும் கருவி அதைக் குறைத்தே காட்டும்.

நாற்பதைத் தாண்டினால் படிக்கக் கண்ணாடி வரத்தான் செய்யும், லேசிக் அதைத் தடுக்காது. அறுவைக்கு முந்தைய பவர், ஸ்கேன் தாள்களைத் தூக்கிப் போடாதீர்கள். பின்னாளில் கண்புரைக்கு லென்ஸ் கணக்கிடும் மருத்துவர் அவற்றைத்தான் முதலில் கேட்பார்.