அசைலம், ஒர்க்ஹவுஸ் ரெக்கார்டுல முன்னோரைத் தேடணுமா? செலவு யாரு கட்டுனதுன்னு பாருங்க

இங்கிலாந்துப் பக்கம் வம்சாவளி தேடுறவங்க, சென்சஸ்ல ஒரு ஆளு திடீர்னு காணாமப் போனா செத்துட்டார்னு முடிவு பண்ணிடுறாங்க. ஒர்க்ஹவுஸ்லயோ (வழியில்லாத ஏழைங்கள தங்கவச்சு வேலை வாங்குன விடுதி) அசைலத்துலயோ (அந்தக் கால மனநல ஆஸ்பத்திரி) இருந்திருக்கலாங்க. அங்க போன ஏழைங்களப் பத்திதான் நெறைய எழுதி வச்சிருக்காங்க, ஏன்னா அவங்க சோத்துக்கு ஊர் வரிப்பணம் போச்சு, காசு போனா கணக்கு இருக்கும்ல.

மொதல்ல சென்சஸையே திரும்பப் பாருங்க. 1871ல இருந்து 1911 வரைக்கும் கண்ணு தெரியாதவங்க, காது கேக்காதவங்க, புத்தி சரியில்லாதவங்கன்னு குறிக்க தனியா ஒரு கட்டம் (column) இருக்கு, அத யாரும் படிக்கிறதே இல்ல. சென்சஸ் தாள்ல அசைலம் வர்ற எடத்துல சில சமயம் பேருக்கு பதிலா இனிஷியல்தான் இருக்கும், வயசு, தொழில், பொறந்த ஊரு வச்சு பொருத்திப் பாத்துக்கணும்.

அப்புறம் லண்டன் கியூல இருக்குற நேஷனல் ஆர்கைவ்ஸ்ல (அரசு ஆவணக் காப்பகம்) எம்.எச். 94னு ஒரு வரிசை, 1846ல இருந்து அசைலம் அட்மிஷன் ரிஜிஸ்டர், ஆன்செஸ்ட்ரிங்கிற வம்சாவளி சைட்லயும் ஒரு பகுதி இருக்கு. பேரு, சேந்த தேதி, எந்த அசைலம், வெளிய வந்தாரா செத்தாரா, அவ்ளோதான். ஆனா அசைலம் பேரு கெடச்சா போதும், நோயாளியப் பத்தி எழுதுன கேஸ்புக் பெரும்பாலும் அந்த கவுண்டி (மாவட்டம் மாதிரி) ரெக்கார்ட் ஆபீஸ்ல இருக்கும். டாக்டர் எழுதுனது, சொந்தக்காரங்க சொன்னது, அதிர்ஷ்டம் இருந்தா போட்டோ கூட. படிச்சிட்டு நம்ம பரம்பரைல பைத்தியமான்னு பயப்படாதீங்க, வலிப்புக்காரங்க, பிரசவத்துக்கு அப்புறம் மனசு கலங்குனவங்க எல்லாரையும் அங்கதான் அனுப்புனாங்க.

அந்த அசைலம் ரெக்கார்டுல 'பாப்பர்'னு (ஊர் பணத்துல வாழ்ற ஏழை) இருந்தா எந்த யூனியன் பணம் கட்டுச்சுன்னு பாருங்க, அதான் சாவி. 1834 ஏழைகள் சட்டத்துல பாரிஷ்ங்கள (சர்ச் வட்டாரங்கள) சேத்து யூனியன் ஆக்குனாங்க, அந்த யூனியனோட ஒர்க்ஹவுஸ் அட்மிஷன் புக்கு, மதம் எழுதுற கிரீட் ரிஜிஸ்டர், கார்டியன்ஸ்ங்கிற யூனியன் நிர்வாகக் குழுவோட கூட்டக் குறிப்பு (மினிட்ஸ்) எல்லாம் அங்கருந்து புடிச்சிடலாம். 1904க்கு அப்புறம் பர்த் சர்டிபிகேட்ல ஒர்க்ஹவுஸ்னு போடாம வெறும் தெரு அட்ரஸ்தான் போட்டாங்க, சோ சந்தேகமா இருந்தா அந்த அட்ரஸையும் தேடிப்பாருங்க.

ஸ்காட்லாந்துல கிளாஸ்கோ சுத்துவட்டாரம்னா அங்க மிட்செல் லைப்ரரிக்குப் போங்க, அங்க இருக்குற ஏழை நிவாரண விண்ணப்பத்துல பொறந்த ஊரு, பெண்ணோட கல்யாணத்துக்கு முந்துன பேரு, புள்ளைங்க விவரம்லாம் இருக்கும், என்னைக் கேட்டா சென்சஸ விட இதுதான் மேல். இந்தியால வேலை பாத்து புத்தி கலங்குன வெள்ளைக்காரங்களுக்கு கிழக்கிந்தியக் கம்பெனியும், 1858க்கு அப்புறம் அதோட எடத்துக்கு வந்த இந்தியா ஆபீஸும் பணம் கட்டுச்சு, மொதல்ல லண்டன் ஹேக்னில பெம்புரோக் ஹவுஸ் அசைலம், 1870ல இருந்து ஈலிங் அசைலம், அந்த ரெக்கார்டு பிரிட்டிஷ் லைப்ரரி இந்தியா ஆபீஸ் பகுதில கெடக்கு.

நோயாளி ரெக்கார்டு பொதுவா 100 வருஷம் மூடியிருக்கும், அதுக்குள்ளன்னா நேர்ல போறதுக்கு முன்னாடி மெயில் போட்டு கேட்டுக்கோங்க.