கைக்குத் தெரிந்ததை வாய்க்குக் கொண்டுவருவது: புதிய தொழிலாளிக்கு வேலை கற்றுக்கொடுக்கும் முறை

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள், இரு பக்கமும் கல் சுழன்று கருவிகளைத் தீட்டும் மேசைச் சாணை இயந்திரத்தின் இடப்பக்கக் கல்லை மாற்றச் சொன்னார்கள். ஸ்பேனரை மாட்டி, எல்லா நட்டையும் கழற்றுவதுபோல இடஞ்சுழியாகத் திருகினேன். அசையவில்லை. ஸ்பேனரின் பிடியில் ஒரு குழாயைச் செருகி உடம்பின் எடை முழுவதையும் போட்டேன். நட்டு கழலவில்லை, தண்டின் மரைதான் (நட்டு ஏறும் திருகு வரி) சிதைந்தது. இடப்பக்க நட்டுக்கு மரை தலைகீழ் என்பதும், வலஞ்சுழியாகத் திருகினால்தான் அது கழலும் என்பதும் அந்தப் பட்டறையில் என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

எனக்கு யாரும் கற்றுக்கொடுக்காமல் இல்லை. "பக்கத்தில் நின்று பார், தம்பி. தானாக வந்துவிடும்" என்றார் மூத்தவர். இரண்டு நாள் பார்த்தேன். அவர் எந்தப் பக்கமாகத் திருகினார் என்பது மட்டும் என் கண்ணில் விழவே இல்லை. அவருக்கும் அதைச் சொல்லத் தோன்றவில்லை. முப்பது வருடம் செய்த வேலை அவருடைய கைக்குத் தெரியும், வாய்க்குத் தெரியாது.

பயிற்சித் திட்டம் என்றதும் வகுப்பறை, திரையில் படங்கள், கடைசியில் சான்றிதழ் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். பத்துப் பேர் வேலை செய்யும் இடத்துக்கு அவை எதுவும் வேண்டாம். மூத்தவரின் கையில் இருப்பதை வார்த்தையாக்கி, அடுத்தவரின் கைக்கு மாற்ற வேண்டும், அவ்வளவுதான்.

இதற்கு நூறு ஆண்டுப் பழமையான ஒரு முறை இருக்கிறது. முதல் உலகப் போரின்போது அமெரிக்கக் கப்பல் கட்டும் தளங்களுக்கு ஏராளமான புதிய ஆட்கள் அவசரமாகத் தேவைப்பட்டார்கள். அவர்களுக்குக் கற்றுக்கொடுக்க சார்லஸ் ஆலன் என்பவர் நான்கு கட்டங்களை வகுத்தார்: ஆயத்தப்படுத்துதல், செய்துகாட்டுதல், செய்யவைத்தல், சோதித்தல். 1940இல் அதே நாட்டு அரசு 'தொழிலகத்துக்குள் பயிற்சி' என்ற திட்டத்தைத் தொடங்கி, இந்த முறையை மேற்பார்வையாளர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது. இரண்டு மணி நேர வகுப்புகள் ஐந்து, மொத்தம் பத்தே மணி நேரம். 1945இல் திட்டம் முடிவதற்குள் அதன் பல்வேறு வகுப்புகளில் 16 லட்சத்துக்கும் மேற்பட்டோர் சான்றிதழ் பெற்றிருந்தார்கள். போருக்குப் பின் அது ஜப்பானுக்குப் போய் டொயோட்டா போன்ற நிறுவனங்களில் வேர்விட்டது. கீழே நான் சொல்வதன் எலும்புக்கூடு அதுதான், சதை மட்டும் என் அனுபவம்.

படி 1: பயிற்சிதான் தேவையா என்று பாருங்கள்

பாதிப் பயிற்சிகள் தேவையே இல்லாமல் நடக்கின்றன என்பது என் எண்ணம். ஒருவர் திரும்பத் திரும்பத் தவறு செய்கிறார் என்றால் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: அவருடைய உயிரே இதில்தான் இருக்கிறது என்றால் இந்த வேலையைச் சரியாகச் செய்துவிடுவாரா? செய்துவிடுவார் என்றால் அவருக்குக் குறைவது அறிவு அல்ல. கருவி மழுங்கியிருக்கலாம். வெளிச்சம் போதாமல் இருக்கலாம். 'கவனமாகச் செய்' என்று வாயால் சொல்லிவிட்டு, எண்ணிக்கைக்கு மட்டும் ஊக்கத்தொகை கொடுத்துக்கொண்டிருக்கலாம்.

ஓர் இடத்தில் பெட்டிகளில் லேபிள் மாறி ஒட்டப்படுகிறது என்று என்னை அழைத்தார்கள். ஏற்கெனவே இரண்டு முறை பயிற்சி கொடுத்தாகிவிட்டது. போய்ப் பார்த்தால், ஒரே நிறத்தில் இரண்டு லேபிள்கள் அடுத்தடுத்த தட்டுகளில் இருந்தன. தட்டுகளைத் தள்ளி வைத்தோம். வகுப்பு எடுக்காமலே திரும்பிவந்தேன்.

படி 2: ஒரு கட்டம் போடுங்கள்

ஒரு தாளில் இடப்பக்கம் ஆட்களின் பெயர்கள், மேலே வேலைகளின் பெயர்கள். யார் எந்த வேலையை யாருடைய உதவியும் இல்லாமல் செய்வாரோ அந்தக் கட்டத்தில் மட்டும் குறியிடுங்கள். உட்கார்ந்த இடத்திலிருந்து ஊகித்து நிரப்பக் கூடாது, போய்ப் பார்த்து நிரப்ப வேண்டும். முடிந்ததும் மேலிருந்து கீழாகப் பாருங்கள். எந்த வேலையின் கீழ் ஒரே ஒரு குறி இருக்கிறதோ அதுதான் ஆபத்து. அந்த ஒருவர் காய்ச்சலில் படுத்தால் வேலையும் படுத்துவிடும்.

அந்த வரிசையிலிருந்து ஒரே ஒரு வேலையை எடுங்கள். யார் கற்க வேண்டும், எந்தத் தேதிக்குள் கற்க வேண்டும் என்று கட்டத்துக்குள் எழுதுங்கள். தேதி இல்லாத பயிற்சி நடக்காது.

இந்த இடத்தில் நிர்வாகத்திடம் ஒன்றைப் பேசி முடித்துவிடுங்கள். கற்றுக்கொடுக்கும் நாளில் மூத்தவரின் உற்பத்தி இலக்கைக் குறைக்க வேண்டும். இலக்கும் குறையாது, ஊதியமும் கூடாது, ஆனால் கற்றுக்கொடுக்க மட்டும் வேண்டும் என்றால், அவர் 'பக்கத்தில் நின்று பார்' என்றுதான் சொல்வார். நானாக இருந்தாலும் அதையே சொல்வேன்.

படி 3: வேலையை உடைத்து எழுதுங்கள்

எல்லாப் படிகளிலும் அதிக நேரம் பிடிப்பது இதுதான். பலர் தாண்டிப் போவதும் இதைத்தான்.

மூத்தவரிடம் போய் "இந்த வேலையை எப்படிச் செய்வீர்கள்?" என்று கேட்காதீர்கள். "இதில் என்ன இருக்கிறது, கல்லைக் கழற்றி வேறு கல்லை மாட்ட வேண்டும்" என்பார். அவரைச் செய்யச் சொல்லி, அவர் கையைப் பாருங்கள். கை எங்கே நிற்கிறது, எங்கே தயங்குகிறது, எதைத் தொட்டுப் பார்க்கிறது என்று கவனியுங்கள். அந்த இடத்தில் மட்டும் "இப்போது என்ன பார்த்தீர்கள்?" என்று கேளுங்கள். சொல்லப்படாத அறிவு அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

பிறகு ஒரு தாளை மூன்று பத்தியாகப் பிரியுங்கள். முதல் பத்தியில் முக்கியக் கட்டங்கள்: வேலை ஓர் அடி முன்னே நகரும் ஒவ்வோர் இடமும். இரண்டாவதில் முக்கியக் குறிப்புகள், மூன்றாவதில் அவற்றின் காரணங்கள். எதைக் குறிப்பாக எழுதுவது என்ற குழப்பம் வரும். மூன்று கேள்விகளில் ஒன்றுக்காவது 'ஆம்' வந்தால் எழுதுங்கள்: இதைத் தவறவிட்டால் வேலை கெடுமா? ஆளுக்குக் காயம் படுமா? இது வேலையை எளிதாக்கும் கைப்பக்குவமா? மூன்றுக்கும் 'இல்லை' என்றால் விட்டுவிடுங்கள்.

சாணைக்கல்லையே எடுத்துக்கொள்வோம். முதல் கட்டம், மின்சாரத்தைத் துண்டித்தல். இதில் குறிப்பு, சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கைப் பிடுங்க வேண்டும். வேறு யாராவது தெரியாமல் சுவிட்சைத் தட்டலாம் என்பது காரணம். இரண்டாவது, காப்பு மூடியை எடுத்து நட்டைக் கழற்றுதல். இங்கே என் பழைய சங்கதி: இடப்பக்க நட்டை வலஞ்சுழியாகத் திருக வேண்டும். ஓடும் வேகத்தில் நட்டு தானாகத் தளராமல் இருப்பதற்காகவே அந்தப் பக்கம் மரையைத் திருப்பி வெட்டியிருக்கிறார்கள்.

மூன்றாவது கட்டம், புதிய கல்லைச் சோதித்தல். கல்லில் அச்சிட்ட உச்ச வேகம் இயந்திரத்தின் வேகத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். குறைந்தால் ஓட்டத்திலேயே கல் சிதறும். பிறகு கல்லை விரலில் தொங்கவிட்டு, திருப்புளியின் மர அல்லது பிளாஸ்டிக் பிடியால் விளிம்புக்குச் சற்று உள்ளே மெல்லத் தட்ட வேண்டும். பானையைத் தட்டிப் பார்ப்பதுபோலத்தான். கணீர் என்றால் கல் நல்லது. மந்தமாக ஒலித்தால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் உள்ளே இருக்கிறது, அதைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். கல் ஈரமாக இருந்தால் ஓசை தெளியாது. பிசின் கலந்து செய்த கற்கள் பீங்கான் பிணைப்புள்ள கற்களைப்போல் கணீர் என்று ஒலிப்பதும் இல்லை. இந்த வித்தியாசத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. அதனால் குறிப்பில் 'ஓசையைக் கேட்கவைக்க வேண்டும்' என்று எழுதி, விரிசல் விட்ட பழைய கல் ஒன்றைப் பயிற்சிக்கென்றே தனியாக வைத்திருங்கள்.

நான்காவது, மாட்டுதல். கல் தண்டில் தானாக நழுவி உட்கார வேண்டும். தட்டி இறக்கக் கூடாது, நட்டை அளவுக்கு மீறி முடுக்கவும் கூடாது. இரண்டுமே கல்லைப் பிளக்கும். ஐந்தாவது, மூடியைப் பொருத்தி, தீட்டும் பொருளை வைத்துப் பிடிக்கும் கருவித் தாங்கியைக் கல்லிலிருந்து 3 மில்லிமீட்டருக்குள் நிறுத்துதல். இடைவெளி கூடினால் பொருளோ விரலோ உள்ளே சிக்கும். ஆறாவது, ஒதுங்கி நின்று ஒரு நிமிடமாவது வெறுமனே ஓடவிடுதல். கல் உடைவதாக இருந்தால் அப்போதே உடையட்டும், உங்கள் முகம் அதற்கு நேரே இருக்க வேண்டாம்.

ஆறு கட்டங்கள், ஒரே தாள். இதற்கே எனக்கு ஒரு முழு நாள் ஆனது. உங்கள் வேலை கிடங்கில் சரக்கு ஏற்றுவதாகவோ கணினியில் ரசீது போடுவதாகவோ இருக்கலாம், தாளின் வடிவம் மாறாது. பத்துக் கட்டங்களைத் தாண்டினால் அதை இரண்டு வேலைகளாகப் பிரித்து, இரண்டு நாளில் கற்றுக்கொடுங்கள்.

படி 4: கற்றுக்கொடுக்கும் நாள்

முதலில் ஆளைப் பதற்றத்திலிருந்து இறக்குங்கள். இந்த வேலையைப் பற்றி ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேளுங்கள். தெரிந்ததையே மறுபடி சொல்லிக் கொல்லாமல் இருக்க அது உதவும். அவரை எதிரே நிறுத்தாதீர்கள். எதிரே நின்றால் உங்கள் வலம் அவருக்கு இடம். பக்கத்தில், நீங்கள் பார்க்கும் கோணத்திலேயே நிற்கட்டும்.

வேலையை மூன்று முறை செய்துகாட்டுங்கள். முதல் முறை கட்டங்களை மட்டும் சொல்லுங்கள். இரண்டாம் முறை குறிப்புகளைச் சேருங்கள். மூன்றாம் முறை காரணங்களையும் சேருங்கள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினால் எதுவும் தங்காது.

அடுத்து அவர் செய்ய வேண்டும். முதல் முறை அவர் பேச வேண்டியதில்லை. கை தவறான இடத்துக்குப் போனால் அந்தக் கணமே நிறுத்துங்கள், தவறு பழக்கமாகிவிடக் கூடாது. அதன்பின் கட்டங்களைச் சொல்லிக்கொண்டே செய்யட்டும். பிறகு குறிப்புகளோடு. பிறகு காரணங்களோடு. "இதை ஏன் இப்படிச் செய்கிறீர்கள்?" என்று நீங்கள் கேட்டால், அவர் தன் சொந்த வார்த்தையில் பதில் சொல்ல வேண்டும்.

"புரிந்ததா?" என்று மட்டும் கேட்காதீர்கள். புரியாவிட்டாலும் "புரிந்தது, ஐயா" என்ற பதில்தான் வரும். மூத்தவரிடம் நானும் அப்படித்தான் சொன்னேன்.

ஒருமுறை இடக்கைப் பழக்கமுள்ள ஒரு பெண்ணுக்குக் கற்றுக்கொடுத்தேன். என் தாளில் 'வலக்கையால் ஸ்பேனரைப் பிடி' என்று இருந்தது. "ஏன் வலக்கை?" என்று கேட்டார். காரணப் பத்தியைப் பார்த்தேன், காலியாக இருந்தது. அந்த வரியை அங்கேயே அடித்துவிட்டேன். காரணம் சொல்ல முடியாத குறிப்பு பெரும்பாலும் எழுதியவரின் பழக்கமாகத்தான் இருக்கும்.

படி 5: மெல்ல விலகுங்கள்

தனியாக வேலை கொடுங்கள். ஆனால் சந்தேகம் வந்தால் யாரிடம் போக வேண்டும் என்று பெயர் சொல்லி அனுப்புங்கள். 'யாரிடமாவது கேள்' என்றால் யாரிடமும் கேட்க மாட்டார்.

ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர் பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, தன் மறதியைத் தானே அளந்தார். 1885இல் வெளியிட்ட முடிவுகளில், மறதி முதல் சில மணி நேரத்திலேயே வேகமாக நடந்து பிறகு மெதுவாகிறது என்று காட்டினார். கைவேலை அசைகளைவிட நன்றாகத் தங்கும் என்றாலும், முதல் நாளிலேயே ஓரிரு முறையும், மறுநாளும், அந்த வாரக் கடைசியிலும் போய்ப் பார்ப்பது நல்லது. சாணைக்கல் மாற்றுவது போன்ற எப்போதாவது வரும் வேலைகளை, தேவை வராவிட்டாலும் சில மாதத்துக்கு ஒருமுறை செய்யவைத்துப் பாருங்கள்.

படி 6: பலன் கிடைத்ததா?

டொனால்ட் கிர்க்பாட்ரிக் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1959இல் எழுதத் தொடங்கிய கட்டுரைகளில் பயிற்சியை நான்கு நிலைகளில் அளக்கச் சொன்னார்: கற்றவருக்குப் பிடித்ததா, கற்றாரா, வேலையில் அப்படியே செய்கிறாரா, அதனால் விளைவு மாறியதா. பெரும்பாலானோர் முதல் நிலையிலேயே நின்றுவிடுகிறார்கள். பயிற்சி முடிந்ததும் ஒரு தாளைக் கொடுத்து ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்பது அதுதான். உங்களிடம் நேரம் குறைவாக இருந்தால் மூன்றாவதை மட்டும் பாருங்கள். ஒரு மாதம் கழித்து, முன்கூட்டிச் சொல்லாமல், தாளைக் கையில் வைத்துக்கொண்டு அவர் வேலை செய்வதைப் பாருங்கள். எந்தக் குறிப்பு விடுபட்டிருக்கிறது?

பலர் அதே குறிப்பை விட்டால் குறை தாளில் இருக்கிறது. அல்லது அவர்கள் உங்களுக்குத் தெரியாத சிறந்த வழி ஒன்றைக் கண்டுபிடித்திருக்கலாம். கேளுங்கள், சரி என்றால் தாளைத் திருத்திக் கீழே தேதியைப் போடுங்கள். எங்கள் சாணைக்கல் தாள் இப்போது ஐந்தாவது திருத்தத்தில் இருக்கிறது. கடைசியாகச் சேர்ந்த வரியை, எனக்கு முதலில் கற்றுக்கொடுத்த அந்த மூத்தவரே சொல்லி எழுதவைத்தார்: நட்டு அசையவில்லை என்றால் ஸ்பேனரில் குழாயைச் செருகாதே, வந்து என்னைக் கூப்பிடு.